ரயில் இக்கரையில், ஊர் அக்கரையில்: ஹால்ஸ்டாட் கேள்வி – பதில்

கேள்வி: ஆஸ்திரியா போகிறோம். சால்ஸ்பர்க்கில் தங்கி, ஹால்ஸ்டாட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிட முடியுமா?
– கே.எம்., ஈரோடு

பதில்: முடியும், ஆனால் அலைச்சல்தான் மிஞ்சும். அட்னாங்-புக்ஹைமில் ரயில் மாறிப் போனால் ஒரு வழிக்கே சுமார் இரண்டரை மணி நேரம். 150-ஆம் எண் பேருந்தில் பாட் இஷ்ல் வரை போய் அங்கே ரயில் பிடிப்பவர்களும் உண்டு. வழியில் ஏரிகளைப் பார்க்கலாம்.

பலர் தடுமாறுவது இறங்கிய பிறகு. நிலையத்தின் பெயர் ஹால்ஸ்டாட். ஊரோ ஏரியின் எதிர்க்கரையில். பத்து நிமிடப் படகுப் பயணம். படகு ரயில் நேரத்தையொட்டி ஓடினாலும் மாலையோடு நின்றுவிடும். அதற்குப் பிந்திய ரயிலில் வந்தால் ஆளில்லாத நடைமேடையில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். அப்படி நேரமாகிவிட்டால் அங்கே இறங்காதீர்கள். அடுத்த நிறுத்தமான ஓபர்ட்ராவுனில் இறங்கினால் சாலை உண்டு, டாக்சிக்கு முன்பே சொல்லி வையுங்கள். படகுக் கட்டணத்துக்கு ரொக்க யூரோ கையில் இருக்கட்டும்.

ஓர் இரவாவது தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் ஊர் ஊராக இருக்கும். அறை பதிவு செய்யும்போதே எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மலைக்கும் நீருக்கும் நடுவே இடமில்லாமல் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகள் அவை. பழமரத்தைக்கூடச் சுவரோடு சேர்த்துக் கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

கேள்வி: சுற்றுலாவால் பிழைக்கிற ஊர்க்காரர்களே பயணிகளை எதிர்த்துப் போராடினார்களாமே?
– வாசகி, திருச்சி

பதில்: வரவேண்டாம் என்று அல்ல, அளவோடு வரட்டும் என்றுதான். ஊரில் இருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு. கூட்ட நாளில் வருபவர்களோ 10,000 பேர் வரை. 2023 மே மாதம், செல்ஃபிக் கூட்டத்தைக் குறைக்கப் புகழ்பெற்ற காட்சிமுனையில் மரத் தடுப்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் மலையைக் குடைந்து போட்ட சாலையை மறித்தார்கள். தினசரி வருகைக்கு உச்சவரம்பு, மாலை 5 மணிக்குப் பின் சுற்றுலாப் பேருந்து கூடாது: இவை கோரிக்கைகள். 2020 முதலே சுற்றுலாப் பேருந்துகள் நேரம் பதிவு செய்துதான் வர முடியும். படம் எடுத்துவிட்டு ஓடுகிற கூட்டம் கடையில் ஒரு காபிகூடக் குடிப்பதில்லை. குப்பையும் சத்தமும் மட்டும் ஊருக்கு. இந்தக் கோபம் நியாயமானது. 2012-இல் சீனாவின் குவாங்டாங்கில் இதே ஊரை நகலெடுத்துக் கட்டியதும் புகழை இன்னும் கூட்டிவிட்டது.

கேள்வி: மண்டையோடுகளுக்குப் பூ வரைந்து வைத்திருக்கிறார்களே, மாந்திரீகமா?
– ஆர்., நாகர்கோவில்

பதில்: இடப் பற்றாக்குறை! கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, அடுத்தவருக்கு இடம் விடுவார்கள். மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, பெயரெழுதி, இலைமாலையோ ரோஜாவோ தீட்டி எலும்பு மாடத்தில் அடுக்குவார்கள். அங்கிருக்கும் சுமார் 1,200 மண்டையோடுகளில் 610-இல் ஓவியம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரியூட்ட அனுமதித்த பிறகு வழக்கம் தேய்ந்தது. கடைசியாக ஒன்று 1995-இல் சேர்ந்தது. உள்ளே குரலைத் தாழ்த்துங்கள். அந்தக் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

கேள்வி: உப்புச் சுரங்கத்துக்கு 3 வயதுப் பேரனை அழைத்துப் போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 4 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். பெரியவர்களும் கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும். உள்ளே 8 டிகிரிதான். மூட்டுவலிக்காரர்கள் மரச் சறுக்கை விட்டுவிட்டுப் படியில் இறங்கலாம். பராமரிப்புக்காக மூடியிருக்கும் மாதங்களும் உண்டு; கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.