மருத்துவர் பதில்கள்: நுரையீரலில் காற்றுப்பைகள்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 5 மாதம். ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியால் வந்த நிமோனியா என்று மதுரையில் சேர்த்து, விலாவில் குழாய் வைத்துச் சீழை எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் காற்றுப்பைகள் தெரிகின்றனவாம். அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் வேண்டியிருக்காது, அம்மா. நியூமடோசீல் எனப்படும் அந்தப் பைகள், கிருமி நுரையீரல் திசுவைச் சிதைத்த இடத்தில் காற்று அடைபட்டு உண்டாகின்றவை. நோய் தணிந்தபின் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே மறைந்துவிடுவது வழக்கம். பை வெடித்து நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தாலோ, மிகப் பெரிதாகி மூச்சை நெருக்கினாலோதான் வேறு வழி தேட வேண்டும்.

குழந்தைகளிடம் இந்தக் கிருமி, நியூமோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி அளவுக்கு அடிக்கடி நிமோனியாவை உண்டாக்குவதில்லை. வந்தால் வேகமாக முற்றும். இரத்தத்தையும் சீழையும் கல்ச்சர் சோதனைக்கு (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்புவது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறியத்தான். சாதாரண வகைக்குக் குளோக்சசிலின் போதும். அதற்கு அடங்காத வகைக்கு வான்கோமைசின் போன்றவை தேவைப்படும். சீழ் கட்டிய நிலையில் சிகிச்சை பொதுவாக 3 முதல் 4 வாரங்கள் நீளும் என்பதால், காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். (பிள்ளையின் மார்பில் கற்பூரத் தைலம் தேய்ப்பதை மட்டும் அப்பத்தாவே கேட்டாலும் அனுமதிக்காதீர்கள், இந்த வயதில் அது ஆபத்து.)

வீடு திரும்பியபின் மூச்சு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே அழைத்துச் செல்லுங்கள். இத்தகைய தொற்று மறுபடி வந்தால், நோய் எதிர்ப்பாற்றலையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.