பிள்ளைகளின் முதல் பேஸ்பால் சீசன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எட்டு வயது மகனுக்கு லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் இது முதல் சீசன். பாதி ஆட்டங்கள் முடிந்தும் அவன் ஒரு பந்தைக்கூடச் சரியாக அடிக்கவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) விழுந்து ஆட்டமிழந்ததும் கண் கலங்கியபடி வந்து உட்காருகிறான். வீடு திரும்பும்போது காரில் என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: காரில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், அவனாகப் பேச்செடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும். மைதானத்தில் பயிற்சியாளரும் நடுவரும் சக ஆட்டக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க ஆட்டமிழந்து வந்த பிள்ளைக்கு, அதே ஆட்டத்தைப் பின்னிருக்கையில் இன்னொரு முறை ஆடிக்காட்ட வேண்டிய அவசியமில்லை. பேஸ்பாலில் பேட் பிடிப்பவர் பெரும்பாலும் தோற்கத்தான் செய்வார் என்பதை வேறொரு நாளில், பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். 1941ஆம் ஆண்டில் டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் எடுத்த .406 என்ற பேட்டிங் சராசரியை இன்றும் வியந்து பேசுகிறார்கள். கணக்கில் சேர்ந்த ஒவ்வொரு பத்து வாய்ப்பிலும் ஏறக்குறைய ஆறில் அவருக்கும் ஹிட் (அடித்துவிட்டு முதல் பேஸ் என்ற நிறுத்தத்தையாவது பத்திரமாகச் சேர்வது) கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

கண்ணீரை விட்டுவிட்டுப் பேட்டைக் கொஞ்சம் பாருங்கள். பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்கு ஆகும்படி தொளதொளவென்று வாங்குவதுபோலப் பேட்டையும் பெரிதாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அநேகர். ஒரு கையால் பேட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். சில நொடிகளிலேயே முனை தாழ்ந்து கை நடுங்கினால் அது அவனுக்குக் கனம். கனமான பேட்டைச் சுழற்றி முடிப்பதற்குள் பந்து பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறைக்குள் போய்விடும். மரமல்லாத பேட்டாக இருந்தால் 2018 முதல் நடைமுறையிலுள்ள ‘யுஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரை இல்லாத பேட்டை லிட்டில் லீக் ஆட்டத்தில் அனுமதிக்க மாட்டார்கள். மற்றபடி, பேட்டைத் தோளிலேயே வைத்தபடி மூன்று ஸ்ட்ரைக்குகளையும் வேடிக்கை பார்ப்பதைவிட, சுழற்றித் தவறவிட்டு வரும் பிள்ளையிடம் முன்னேற்றம் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: சென்ற வாரம் என் மகனின் தோளில் பந்து பட்டது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பந்து வருவதற்கு முன்பே பின்வாங்கிவிடுகிறான். ‘பயப்படாதே’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை.

பதில்: அந்தப் பந்து ஐந்து அவுன்சுக்குக் குறையாத கனமுள்ளது, கெட்டியானது, அவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயப்படாதே என்பதைவிட, பந்து மேலே வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதே பயன் தரும். டென்னிஸ் பந்தை மெதுவாக அவன்மேல் வீசி, முன்தோளை உள்ளே திருப்பி, தாடையை மார்போடு ஒட்டிவைத்து, முதுகில் பந்தை வாங்கிக்கொள்ளப் பழக்குங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, இன்னும் வீசு என்பார்கள். வலக்கை ஆட்டக்காரனாக இருந்தால், பயத்தில் அவனுடைய இடக்கால் மூன்றாவது பேஸ் பக்கமாக விலகும். பயிற்சியின்போது குதிகாலுக்குப் பின்னே ஒரு பேட்டைக் கிடத்தி வைத்தால் கால் விலகுவதை அவனே உணர்ந்துகொள்வான். தலையில் பட்டால் மட்டும், ஹெல்மெட் அணிந்திருந்தாலும், ஆட்டத்தை அத்துடன் நிறுத்தி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளையை எப்போதும் ரைட் ஃபீல்டிலேயே (முதல் பேஸுக்குப் பின்னாலுள்ள வலப்புற வெளிக்களம்) நிறுத்துகிறார்கள். பந்தே வராத இடத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறான். இது பாரபட்சம் இல்லையா?

பதில்: மைனர், மேஜர் என்ற வயதுப் பிரிவுகளில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆட்டத்தில் குறைந்தது ஒரு முறை பேட் பிடிக்க வேண்டும், எதிரணியில் ஆறு அவுட் விழும்வரை களத்தில் நிற்க வேண்டும் என்பது லிட்டில் லீக் விதி. எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பயிற்சியாளரின் விருப்பம். அவர் பெரும்பாலும் உங்களைப்போல் வேலை முடிந்து ஓடிவரும் ஒரு பெற்றோர்தான். ஆட்டத்தின் நடுவில் அல்லாமல் மறுநாள் அவரிடம் தன்மையாகக் கேளுங்கள். இதற்கிடையில் பிள்ளையிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: சிறுவர் ஆட்டத்தில் முதல் பேஸுக்கு எறியும் பந்துகளில் பல அதைத் தாண்டிப் பறந்துவிடும், அப்போது பின்னால் ஓடிவந்து பந்தைத் தடுக்க வேண்டியவன் ரைட் ஃபீல்டில் நிற்பவன்தான். ஒவ்வொரு எறிக்கும் ஓடவேண்டும் என்று தெரிந்துவிட்டால் புல் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்தே பழகிய தாத்தா நான். ஆறு வயதுப் பேரன் டீ-பால் (கம்பத்தின்மேல் வைத்த பந்தை அடிக்கும் சிறுவர் பேஸ்பால்) ஆடுகிறான். பந்தை அடித்ததும் பேட்டை வீசி எறிகிறான். ஒரு முறை முதல் பேஸுக்குப் பதிலாக மூன்றாவது பேஸை நோக்கியே ஓடிவிட்டான். எப்படித் திருத்துவது?

பதில்: ஐயா, திசை மாறி ஓடுவது தானாகவே சரியாகிவிடும், அதைப் படம்பிடித்து வையுங்கள். ஒரே பேஸில் இரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டு, நீ போ, நான் போக மாட்டேன் என்று வாதாடுவதையும் பார்ப்பீர்கள். பின்னால் வருபவனுக்கு இடம்விட்டு நகர வேண்டிய கட்டாயம் இல்லாதபோது முன்னே ஓடியவனுக்கே அந்த இடம் உரியது. முதல் பேஸைத் தொட்டுத் தாண்டி ஓடலாம், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நின்றாக வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

பேட்டை எறிவது அப்படியல்ல, அது பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பதம்பார்த்துவிடும். அடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்கு அருகில் ஒரு வளையத்தைத் தரையில் போட்டு, அடித்ததும் அதற்குள் பேட்டைப் போட்டுவிட்டு ஓடுமாறு பழக்குங்கள். கிரிக்கெட் வழக்கத்தில் ‘ரன் வேண்டாம், நில்!’ என்று நீங்கள் குரல் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. கோட்டுக்குள் தரையில் உருளும் பந்தை அடித்தவன் இங்கே ஓடியே ஆகவேண்டும்.

கேள்வி: என் மகள் பேஸ்பாலே ஆடவேண்டும் என்கிறாள். சாஃப்ட்பாலுக்கு (பெரிய பந்தில் ஆடும், பேஸ்பால் போன்ற ஆட்டம்) அனுப்பச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: 1974 முதல் லிட்டில் லீக் பேஸ்பாலில் பெண்பிள்ளைகளுக்கு இடம் உண்டு. 2014ஆம் ஆண்டு லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்ற சிறுமி, எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் பந்துவீசி வென்றாள். உங்கள் மகள் கேட்பதில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகன் பிட்சர் (பந்துவீசுபவர்) ஆகவேண்டும் என்று தினமும் வீட்டில் நூறு பந்துகள் வீசுகிறான். ஊக்குவிக்கலாமா?

பதில்: ஆசையை ஊக்குவியுங்கள், நூறைக் குறையுங்கள். ஒன்பது, பத்து வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்கிறது லிட்டில் லீக். 66 அல்லது அதற்கு மேல் வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். அந்தக் கணக்கு ஆட்டத்துக்குத்தான் என்றாலும், முழங்கையில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்புக்கு ஆட்டமென்றும் கொல்லைப்புறமென்றும் வேறுபாடு தெரியாது. ஆட்டமில்லாத நாளில் இருபது, முப்பது பந்துகளை இலக்கு பார்த்து நிதானமாக வீசட்டும். முழங்கை வலிக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.