பதில்: பக்கத்து வீட்டு அக்காவைச் சேர்ச்சுக்கு எப்படிக் கூப்பிடுவது?

தங்கச்சி, சைவ சமயத்து அக்காவைக் கூப்பிட்டால் மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற உங்கள் பயம் நியாயம்தான். வட இலங்கையின் வன்னிப் பகுதியில் அந்தச் சந்தேகம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும்.

எடுத்தவுடன் ஞாயிறு ஆராதனை வேண்டாம். நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) முன்னால் பிள்ளைகளின் பாட்டு, நாடகத்தோடு வரும் ஒளிவிழாவுக்குக் கூப்பிடுங்கள். வேலியடியில் நின்று, "அக்கா, சின்னவன் இடையனாக நடிக்கிறான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடும், நான் பக்கத்திலேயே இருப்பன்" என்றால் போதும். என்ன நடக்கும், எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சைவ ஆட்களும் நேர்த்தி வைத்துப் போகிறவர்கள்தானே.

வரவில்லையென்றால் காரணம் கேட்காதீர்கள். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போய் வாருங்கள்.