பற்றரியா, ஸ்டார்ட்டரா?

கேள்வி: சுன்னாகத்திலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றும் டீசல் லொறி வைத்திருக்கிறேன். 24 வோல்ட், இரண்டு பற்றரி. விடிய மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் விளக்குகள் மங்கி, ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. சில நாள் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. இன்னொரு லொறியால் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு பற்றரியை 8 மாதத்துக்கு முன் மாற்றினேன். மற்றது 3 வருடப் பழசு. கடையில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மெக்கானிக் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்கிறார். எதை வாங்குவது?
– லொறி உரிமையாளர், சுன்னாகம்

பதில்: இப்போதைக்குப் பற்றரியும் வேண்டாம், ஸ்டார்ட்டரும் வேண்டாம். வோல்ட் அளக்க ஒரு டிஜிட்டல் மல்ரிமீற்றர் வாங்குங்கள். பற்றரி விலைக்கு முன் அது ஒரு செலவே இல்லை.

இரவு முழுக்க நின்ற லொறியை, காலையில் சாவி போடும் முன் அளக்க வேண்டும். இரண்டு பற்றரியையும் சேர்த்து அளந்து ஏமாற வேண்டாம். சேர்த்துப் பார்த்தால் 24.6 வோல்ட் காட்டும், பரவாயில்லை என்று தோன்றும். தனித்தனியே அளந்தால் ஒன்று 12.7, மற்றது 11.9 ஆக இருக்கலாம். 12.6க்கு மேல் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்ட வெறுமை.

உங்கள் லொறியில் எனக்குச் சந்தேகம் இங்கேதான். பாட்டு செட்டுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? நம் ஊரில் பல லொறிகளில் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். அந்தப் பற்றரி தினமும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். டைனமோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் 28 வோல்ட் அளவில் கொடுக்கிறது. நிறைந்திருக்கும் பற்றரி அளவுக்கு மேல் ஏற்றுப்பட்டுக் கொதிக்கும், இறங்கியது நிரம்பாமலே கிடக்கும். பழசோடு புதுசைச் சேர்த்தாலும் இதே கதைதான். அந்த வயர் இருந்தால் கழற்றிவிட்டு, 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்று போடுங்கள்.

அடுத்தது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளப்பது. கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் மீற்றரைப் பாருங்கள். முழுச் சார்ஜ் உள்ள பற்றரி அந்த நேரம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. ஒன்று மட்டும் விழுந்தால் அந்தப் பற்றரியில்தான் பழுது. இரண்டும் 12க்குக் குறையாமல் நிற்க 'டிக்' மட்டும் வந்தால், கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. பற்றரி நல்லதாக இருந்தும் இரண்டிலுமே வோல்ட் விழுந்தால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றி, உள்ளே தேயும் புஷ், கார்பன் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை யாரும் செய்வதில்லை. மீற்றரின் ஒரு கம்பியை, சேஸிக்குப் போகும் ஏர்த் வயர் பூட்டிய பற்றரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரில் குறை. போன மாரியில் என் மைத்துனர் இரண்டு புதுப் பற்றரி வாங்கிப் போட்டும் லொறி அசையவில்லை. ஏர்த் வயர் சேஸியில் இறுகும் இடத்தைக் கழற்றிப் பார்த்தோம். போல்ட்டுக்கு அடியில் கறல், வயரின் நுனி முழுக்கப் பச்சைத் தூள். உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. உரப்பேப்பரால் தேய்த்துத் திரும்ப இறுக்கினோம், பழைய பற்றரியிலேயே ஸ்டார்ட் ஆனது. அந்தப் பணம் போனது போனதுதான்.

பற்றரி முனைகளில் வெள்ளைப் பூ இருந்தால் வெந்நீரில் அப்பச்சோடா கலந்து கழுவுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். சுண்ணாம்புக் கல்லில் ஊறிவரும் தண்ணீர் நமது. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான்.

இத்தனைக்கும் பிறகு பற்றரிதான் பழுது என்று தெரிந்தால், இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே கம்பனி, ஒரே ஆம்பியர், தயாரித்த காலமும் ஒன்றாக இருக்கட்டும். பழைய பற்றரிகளில் ஈயம் இருக்கிறது, அவற்றின் விலையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் 8 மாதப் பற்றரியைக் கொடுத்துவிடும் முன் அதன் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். அதை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, லோட் ரெஸ்டரில் (பாரம் கொடுத்துப் பற்றரியைச் சோதிக்கும் கருவி) பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இறங்கிய பற்றரியை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. அப்போதும் பழுதென்று தெரிந்து, உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், பில்லோடும் அட்டையோடும் நுகர்வோர் விவகார அதிகாரசபையில் எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. நாள் கடத்த வேண்டாம்.