துத்தநாகச் சேதாரம்: குறை தொட்டியிலா, அதற்கு முன்னாலா?

கேள்வி: மண்டபம் பக்கம் சின்னதாக கால்வனைசிங் பட்டறை, அதாவது இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு போடும் பட்டறை வைத்திருக்கிறேன். நங்கூரம், சங்கிலி, கேட் என்று வேலை வரும். துத்தநாகம் நன்றாக வடியட்டும் என்று தொட்டியை 475 டிகிரியில் ஓட்டுகிறேன். பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடியில் டிராஸும் (இரும்பு கலந்த துத்தநாகக் கசடு) மேலே துத்தநாகம் கருகிய சாம்பலும் குவிகின்றன, கட்டுப்படியாகவில்லை. எத்தனை டிகிரி வைக்கலாம் அண்ணே?

பதில்: 450 தம்பி. ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம், அவ்வளவுதான். துத்தநாகம் 419-லேயே உருகிவிடும். 450-ல் நன்றாகவே வடியும். வடியவில்லை என்றால் பொருளை வேகமாகத் தூக்குகிறீர்கள், அல்லது சாய்த்துத் தூக்கவில்லை, அல்லது வடிய ஓட்டை போடவில்லை. அதற்கெல்லாம் டீசலை எரித்து மருந்து தேடாதீர்கள்.

உங்கள் தொட்டியும் இரும்புதான் என்பதை மறக்கக் கூடாது. 480-ஐத் தாண்டினால் துத்தநாகம் தொட்டிச் சுவரையே வேகமாகத் தின்ன ஆரம்பிக்கும். நடுவில் 475 காட்டுகிறது என்றால், பர்னர் அடிக்கும் சுவர் அதைவிடக் கூடவே இருக்கும். இன்னொன்று, சூடு கூடக் கூட துத்தநாகத்தில் கரையும் இரும்பும் கூடும், ராத்திரி சூடு இறங்கும்போது அந்த இரும்பு துத்தநாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிராஸாக அடியில் உட்காரும். தினமும் ஏற்றி இறக்கினால் தினமும் டிராஸ்தான். ராத்திரியும் 440-க்குக் கீழே விடாமல் மூடி போட்டு வையுங்கள். காலையில் கலக்குவதற்கு முன்பே, படிந்தது படிந்தபடி இருக்கும்போது, டிராஸை அள்ளிவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் பாதிக்குமேல் குறை தொட்டிக்கு முன்னால்தான் இருக்கும். தொட்டிக்குள் ஒரு கிலோ இரும்பு போனால் ஏறக்குறைய 25 கிலோ துத்தநாகம் டிராஸாகப் போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். துரு போக ஆசிட்டில் முக்கி எடுத்த பொருளைச் சரியாகக் கழுவாமல் ஃப்ளக்ஸில் (பூச்சு பிடிக்க முன்னால் முக்கும் உப்புக் கரைசல்) போட்டால் ஆசிட்டில் கரைந்த இரும்பு அப்படியே கூட வரும். நம் கரையில் இதோடு உப்புக்காற்று வேறு. கழுவி வைத்த இரும்பை டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் செம்பட்டையாகத் துரு பூத்திருக்கும், அந்தத் துருவும் இரும்புதானே. கழுவியதும் தாமதிக்காமல் ஃப்ளக்ஸ், காய வைத்ததும் தொட்டி. ஃப்ளக்ஸில் இரும்பு லிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்கட்டும். கழுவும் தண்ணீரை மாற்ற யோசிக்காதீர்கள்; தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் காசு துத்தநாகத்தின் முன் ஒன்றுமே இல்லை.

சாம்பலுக்கு வருவோம். கச்சான் காற்று நேராகத் தொட்டி மேலே அடிக்கிற மாதிரி கொட்டகை இருந்தால் அந்தப் பக்கம் தகரத் தட்டி வையுங்கள், சூடும் மிச்சம், சாம்பலும் குறையும். 0.005 சதவீதம் அலுமினியம் சேர்த்தால் மேற்பரப்பு அவ்வளவாகக் கருகாது. அளவு மீறினால் ஃப்ளக்ஸோடு சண்டை போட்டு பூச்சுப் பிடிக்காத கறுப்புத் திட்டு விழும். வழித்த சாம்பலை உடனே வெளியே கொட்டாதீர்கள், தொட்டி ஓரமாக ஒதுக்கி, கொஞ்சம் நவச்சாரம் தூவிக் கிளறினால் அதில் சிக்கிய துத்தநாகம் உள்ளே இறங்கிவிடும். புகை வரும், காற்று அதைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள். ஈரப் பொருள் வேண்டவே வேண்டாம். தெறிக்கிற துத்தநாகம் நஷ்டம் மட்டுமில்லை, ஆளையே எரித்துவிடும்.

சூட்டை மாற்றும் முன் தெர்மோகப்பிளை (தொட்டியின் சூட்டை அளக்கும் கருவி) சோதித்துக்கொள்ளுங்கள், நிறைய பட்டறைகளில் பொய் சொல்வது அதுதான். சூடான கரண்டியில் துத்தநாகத்தை மொண்டு, தெர்மோகப்பிள் முனையை அதில் வைத்து ஆற விடுங்கள். உறையும்போது மீட்டர் 419 பக்கத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும். 430-ல் நின்றால் உங்கள் 475 நிஜத்தில் 464 போலத்தான்.

பழைய நங்கூரத்துக்கு மறுபூச்சு வந்தால், பழைய துத்தநாகத்தைக் கழற்றத் தனி ஆசிட் தொட்டி வையுங்கள். இரும்பு ஆசிட்டும் துத்தநாக ஆசிட்டும் கலந்துவிட்டால் அந்தக் கழிவை எடுத்துப்போக ஆள் கிடைக்காது.