கையைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 43, ஊர் மதுரை. அப்பா நுரையீரல் புற்றுநோயில் போய்ப் பத்து மாதம் ஆகிறது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒன்பது நாள் இருந்தார். தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அவனுக்கு அனுப்பத்தான் போனில் எடுக்க ஆரம்பித்தேன். கஞ்சி ஊட்டுவது, அம்மா கால் அமுக்கிவிடுவது, பேரன் பக்கத்தில் படுத்திருப்பது என்று எல்லாம் இருக்கிறது. கடைசி நாள் மேல்மூச்சு வாங்கியதையும் நாலு நிமிடம் எடுத்தேன். தம்பி அப்போது போனை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் அப்பா போய்விட்டார். குளிப்பாட்டியது, கோடி போட்டது, வாய்க்கரிசி, தெருவிலிருந்து தத்தனேரி மயானம் வரை போனது எல்லாவற்றையும் சித்தப்பா மகன் எடுத்தான். தம்பி வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தோம்.

இப்போது என் போனில் 214 படம், 11 வீடியோ இருக்கின்றன. அதில் நான் எடுத்த வீடியோக்கள் ஏழு, மொத்தமாக 19 நிமிடம். என்னால் பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அந்த மூச்சுச் சத்தம் மட்டும் போனைத் திறக்காமலே காதில் கேட்கிறது. அவ்வளவு துடித்தாரா? அந்த நேரத்தில் கையைப் பிடிக்காமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அம்மா அதற்கு நேர்மாறு. தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தத்தனேரி வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார். சித்தப்பா மகன் படங்களை ஸ்டேட்டஸில் வைத்ததில் என் மகன் (9 வயது) பார்த்துவிட்டு, "துணியால வாயைக் கட்டினதாலதான் தாத்தாவுக்கு மூச்சு வரலையா?" என்று கேட்கிறான். போன வாரம் போன் தானாகவே அப்பா படங்களைக் கோத்து, பின்னணி இசையோடு காட்டியது. எல்லாவற்றையும் அழித்துவிடு என்கிறார் கணவர். தலைதிவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அனுப்பு என்கிறான் தம்பி. என்ன செய்வது?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். கடைசி மணி நேரங்களில் விழுங்கும் திறனும் இருமும் திறனும் போய்விடும். எச்சிலும் கோழையும் தொண்டையிலேயே தங்கிவிடும். மூச்சுக்காற்று அவற்றின் ஊடே போய் வரும்போதுதான் அந்தக் கரகரப்பு எழுகிறது. மூச்சு சில நொடி நின்று, பிறகு ஆழமாக வந்து, மறுபடி தேய்வதற்குக் காரணம் மூளையில் மூச்சை நடத்தும் பகுதி தளர்வது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நினைவு மங்கியிருக்கும். அந்தச் சத்தம் நோயாளியைவிடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் அதிகம் வதைக்கிறது என்பது நோய்த்தணிப்பு மருத்துவர்கள் குடும்பத்தாருக்கு வழக்கமாகச் சொல்வது. வலி இருந்ததா என்று பார்க்க அவர்கள் சத்தத்தை அளவுகோலாக வைப்பதில்லை. நெற்றி சுருங்கியதா, முனகினாரா, கை கால் நிலைகொள்ளாமல் தவித்ததா என்றுதான் கவனிப்பார்கள். இதற்காக வீடியோவைத் திறக்க வேண்டாம். அப்பாவைக் கடைசியாகப் பார்த்த மருத்துவரையோ செவிலியரையோ நேரில் கேளுங்கள். பத்து மாதம் கழித்தும் கேட்கலாம், தவறே இல்லை.

அடுத்தது போனைப் பிடித்த குற்றவுணர்வு. ஒன்பது நாள் என்றால் 216 மணி நேரம். அதில் நீங்கள் வீடியோ எடுத்தது 19 நிமிடம். மீதி நேரமெல்லாம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்குப் படம் இல்லை. உங்களை எடுக்க அங்கே யாரும் இல்லாததுதான் காரணம். எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை. அதனால் பின்னால் பார்க்கும்போது தான் அந்த அறையிலேயே இல்லாதது போல அவருக்குத் தோன்றிவிடுகிறது. இதை முறிக்க வழி உண்டு. அம்மாவையும் கணவரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு நாளும் யார் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் திருப்பிப் படுக்க வைத்தது, யார் ராத்திரி விழித்திருந்தது, யார் உதட்டை நனைத்தது என்று எல்லாம் வரட்டும். ஒன்பது நாளுக்கு ஒன்பது பக்கம் போதும்.

இழவு வீட்டில் படம் பிடிப்பது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றி மகன்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நிற்க, ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நம் ஊரில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கிறது. பலருக்கு ஆயுளில் எடுத்த ஒரே படமும் அதுதான். ஆனால் அது ஒற்றைப் படம், அசையாது, சத்தம் போடாது. வேண்டுமென்றால் நாம்தான் பெட்டியைத் திறந்து அதனிடம் போக வேண்டும். உங்களுடையது 214 படம், கூடவே வீடியோக்கள்; அசைகிறது, மூச்சு விடுகிறது, எப்போது வரும் என்று சொல்லாமல் கையிலேயே வந்து நிற்கிறது. உங்களைத் தொந்தரவு செய்வது படங்கள் என்பதைவிட, அவை வந்து சேரும் விதம் என்றுதான் நினைக்கிறேன். அதை மாற்றலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூகுள் போட்டோஸ் செட்டிங்ஸில் 'மெமரீஸ்' பகுதியில் ஆட்களை மறைக்கவும் தேதிகளை மறைக்கவும் தனித்தனி வசதி இருக்கிறது. ஆளை மறைத்தால் அப்பாவின் நல்ல நாள் படங்களும் நினைவூட்டலில் வராமல் போகும். அதனால் தேதியை மட்டும் மறையுங்கள்: அந்த ஒன்பது நாளும் காரிய நாட்களும். படங்கள் எங்கும் போகாது, தானாக எழுந்து வருவது மட்டும் நிற்கும். தலைதிவசத்துக்கு முன்பே ஏன் என்றால், திவசம் திதிப்படி வரும், போன் ஆங்கிலத் தேதிப்படி 'ஓராண்டுக்கு முன்' என்று காட்டும். இரண்டும் சில நாள் முன்பின்னாக விழும். திவசம் முடிந்து மனம் சற்று ஆறிய வேளையிலோ, திவசத்துக்குத் தயாராகும் முன்போ, அது வேறொரு நாளில் வந்து அடிக்கும். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு 'மீடியா விசிபிலிட்டி'யையும் அணைத்துவிடுங்கள். அதன்பின் குழுவில் வரும் படங்கள் கேலரியில் வந்து குவியாது.

அழிக்கச் சொல்லும் உங்கள் கணவர்மேல் கோபம் வேண்டாம். நீங்கள் அழுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் முதல் ஆண்டில் எதையும் அழிக்காதீர்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள்தான். அதற்குப் பிறகு மனம் மாறினாலும் எதுவும் கிடைக்காது. அழிப்பதற்குப் பதிலாகப் பூட்டி வையுங்கள், முதலில் நகல் எடுத்துக்கொண்டு. சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அளவு சுருங்கியவை, எடுத்த தேதி நேர விவரமும் அவற்றில் இருக்காது. அவர் போனிலிருந்தே கேபிள் வழியாகவோ, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆகவோ அசலை வாங்குங்கள். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று ஹார்ட் டிஸ்காக இருக்கட்டும். பென்டிரைவ் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கெட்டுப்போகக்கூடும். நகல் திறக்கிறதா என்று கணவர் பார்த்த பிறகே போனில் உள்ளவற்றை கூகுள் போட்டோஸில் பூட்டி வைக்கும் 'லாக்டு ஃபோல்டர்' உள்ளே தள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் சிக்கல். பேக்கப் இல்லாத லாக்டு ஃபோல்டரில் இருப்பவை, ஆப்பை நீக்கினாலோ போனை ரீசெட் செய்தாலோ மொத்தமாகப் போய்விடும்.

பிரித்துப் பார்க்கும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். ராத்திரியில் வேண்டவே வேண்டாம். அப்பாவிடம் பிரியம் இருந்தும் உங்கள் அளவு உடைந்துபோகாத ஒருவர் இருப்பார். நாத்தனாராகவோ தோழியாகவோ இருக்கலாம். அவர் முதலில் முழுவதையும் பார்த்து மூன்றாகப் பிரிக்கட்டும்: எவரும் பார்க்கலாம், கேட்டால் காட்டலாம், இப்போதைக்கு மூடியிருக்கட்டும். பிறகு ஒரு காலை வேளையில் நீங்கள் அவரோடு உட்காருங்கள். ஒரு தடவைக்கு 40 நிமிடம், 50 படத்துக்கு மேல் வேண்டாம். படங்களைப் பெரிதாக்காமல் சிறு கட்டங்களாகவே பாருங்கள். கைகள், கால்கள், வந்தவர்கள், மாலைகள் முதலில், முகம் பிறகு. வீடியோ என்றால் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கொடூரக் காட்சிகளைச் சரிபார்க்கும் செய்தியாளர்களுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்: சிறிய திரை, ஒலி இல்லாமல், இடைவெளி விட்டு. முடிந்ததும் உடனே எழுந்து வெளியே போகிற வேலை ஒன்றை முன்பே வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போவதாக இருந்தாலும் சரி. அந்த நாலு நிமிட வீடியோ மூன்றாவது பிரிவிலேயே இருக்கட்டும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அம்மா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நம் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுகிறார்கள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் எங்கே போனார் என்று கண்ணால் பார்க்காமல் திரும்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். அம்மா பார்ப்பது தான் போக முடியாத அந்த வழியைத்தான். எனவே போனைப் பிடுங்காதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் என்னம்மா பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். பார்த்து அழுது, யார் யார் வந்தார்கள் என்று பேசி, பிறகு தூங்கிவிடுகிறார் என்றால் அது துக்கம் தன் வழியில் போய்க்கொண்டிருப்பதுதான். இழப்பின் பக்கம் போவதும் அன்றாடத்தின் பக்கம் திரும்புவதுமாக மாறி மாறிப் போவதே இயல்பு என்று துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் 1999இல் எழுதினார்கள். திரும்பி வருகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி, "இங்கே விரல் அசையுது பாரு" என்று தேடினால், சாப்பாடு குறைந்தால், பகலிலும் அதையே பார்த்தால், அப்போது உதவி வேண்டும். அவர் விருப்பப்படி ஐந்தாறு காட்சிகளை 4×6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வீடியோவின் இடத்தைக் கையில் பிடிக்கும் படம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். முடிந்தால் ஒரு காலையில் அவரைத் தத்தனேரிக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். உறவில் யாராவது முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

மகனிடம் இன்றே பேசுங்கள். அவன் கேள்வி தர்க்கப்படி சரியானது. வாய் கட்டிய படத்தைப் பார்த்தான், பிறகு மூச்சு இல்லை என்று கேட்டான், இரண்டையும் இணைத்துவிட்டான். "முதலில் தாத்தா இறந்தார், அதற்குப் பிறகுதான் கட்டினார்கள்" என்ற வரிசையைத் தெளிவாகச் சொல்லுங்கள். இறந்ததும் தசைகள் தளர்ந்து வாய் திறந்துகொள்ளும், சில மணி நேரத்தில் உடல் விறைக்கும், தாடை முன்கூட்டியே விறைத்துவிடும், அதற்குள் வாயை மூடி நாடிக்கட்டு போடுகிறார்கள், தாத்தாவுக்கு வலிக்காது என்று விளக்கினால் ஒன்பது வயதுக்குப் புரியும். "தூங்குகிறார்" என்று சொல்லிவிடாதீர்கள், தூங்கவே பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. வேறு என்ன பார்த்தான் என்றும் கேளுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்திருக்கும், ஃபேஸ்புக்கில் ஏதாவது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சித்தப்பா மகனிடம் "ஏன் போட்டாய்" என்று ஆரம்பிக்காமல், "அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடலாம்ப்பா" என்றால் போதும். நீங்கள் போக முடியாத இடத்துக்கு உங்கள் கண்ணாகப் போய் வந்தவர் அவர்.

உங்களுக்கு ஒரு எல்லைக்கோடு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாட்டில் ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 திருத்தத்தில் பெரியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும், அன்றாட வாழ்க்கையையே முடக்கும் தீவிரத்தோடு தொடரும் துக்கம் சிகிச்சை தேவைப்படும் நிலை. அழுகை வருவது இதில் சேராது. சோறு இறங்காமல் எடை குறைந்தால், விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்து வேலையை நிறுத்தினால், அப்பாவோடு போய்விடலாம் என்று தோன்றினால், திவசம் முடியட்டும் என்று காத்திராதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

திவசத்தன்று வைக்கும் படம் மெலிவதற்கு முந்தைய படமாக இருக்கட்டும். ஆல்பம் போட்டால் 24 படம் போதும். கடைசி நாட்களின் படங்களை நடுவில் வையுங்கள். கடைசிப் பக்கத்துக்கு அவர் திடமாக இருந்த காலத்துப் படம் ஒன்று.

தம்பிக்கு எல்லாவற்றையும் கொட்டி அனுப்ப வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதலில் பட்டியல் அனுப்புங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் எத்தனை நிமிடம், எதில் தொடங்கி எதில் முடிகிறது, சத்தம் உண்டா, முகம் தெரிகிறதா என்று இரண்டு வரி. அதோடு இப்படி ஒரு செய்தி: "தம்பி, எல்லாம் இருக்கு, ஒன்றும் அழிக்கல. பட்டியல்ல மூணாம் நம்பர் வீடியோ அப்பா மேல்மூச்சு வாங்குறது. அதை இப்ப அனுப்பல. உனக்கு வேணும்னா கேளு, தனியா இருக்கிறப்ப பார்க்காதே. லீவு நாளா பார்த்துச் சொல்லு, நானும் வீடியோ காலில் இருக்கேன்."