நீக்கிய மென்பொருளின் மிச்சம்

கேள்வி: விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளை முறைப்படி நீக்கிய பிறகும் ஆப்டேட்டா (AppData) என்ற, மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளையும் தரவுகளையும் சேமித்துவைக்கும் கோப்புறையில் அதன் கோப்புகள் கிடக்கின்றன. இவற்றை அகற்ற வேண்டியது யார் பொறுப்பு?

பதில்: மென்பொருளை உருவாக்கியவரின் பொறுப்பே. நிறுவும்போது வைத்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தே பெரும்பாலான நீக்கிகள் அழிக்கின்றன என்பதால், பயன்பாட்டின்போது பின்னர் உருவான தற்காலிகக் கோப்புகள் தப்பிவிடுகின்றன. உங்கள் அமைப்புகளையும் ஆவணங்களையும் கேட்காமல் அழிக்கக் கூடாதுதான். ஆனால், ‘இவற்றையும் நீக்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்கத் தடையென்ன? (சோம்பல்தான்.) ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனியிடம் ஒதுக்கப்படுவதால், செயலியை நீக்கியதும் அந்த இடத்தை இயங்குதளமே துடைத்துவிடுகிறது. விண்டோஸில், ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் லோக்கல், ரோமிங் ஆகிய உட்கோப்புறைகளில் அம்மென்பொருளின் பெயரைத் தேடி, வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, மிச்சத்தை நீங்களே அழிக்கலாம்; விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.